இடுப்பு திரும்பாமல் பந்து நேராகப் போகாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எனக்கு 54 வயது. முப்பது ஆண்டுகளாகத் தணிக்கை அலுவலகத்தில் மேசை வேலை. எட்டு ஆண்டுகளுக்கு முன் கோல்ஃப் ஆடத் தொடங்கினேன். ஆட்டத் திறனைக் காட்டும், குறையக் குறைய நல்லதான ஹேண்டிகேப் எண் 21-க்கு வந்து இரண்டு ஆண்டுகளாக அசையாமல் நிற்கிறது. பெரும்பாலும் 97, 98 அடிகளில்தான் சுற்றை முடிக்கிறேன். நெடுந்தூரம் அடிக்கும் நீண்ட மட்டையான டிரைவரை எடுத்தாலே பந்து வலப்புறம் வளைந்து மரங்களுக்குள் போய்விடுகிறது. இதைத் திருத்துவதற்காக வாரத்தில் மூன்று மாலைகள் பயிற்சித் திடலான ரேஞ்சுக்குப் போய் நூற்றைம்பது பந்துகள் வரை அடிக்கிறேன். மறுநாள் கீழ்முதுகு பிடித்துக்கொள்கிறது. பயிற்சியைக் கூட்டலாமா, புதிய டிரைவர் வாங்கலாமா, அல்லது இந்த வயதில் இவ்வளவுதான் என்று அமைதி அடையலாமா? எடை தூக்கினால் தசை இறுகி, மட்டையை வீசும் அசைவான ஸ்விங் கெட்டுவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ச.
கோயம்புத்தூர்

அன்புள்ள ச. அவர்களுக்கு,

முதுகு பிடித்துக்கொள்கிறது என்று நீங்கள் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். உங்கள் கடிதத்தின் மையம் அதுதான் என்று நான் கருதுகிறேன். உங்கள் ஸ்விங்கை நேரில் பார்க்காமல் முழு உறுதியுடன் சொல்ல இயலாது என்றாலும், வளைந்தோடும் பந்தும் வலிக்கும் முதுகும் ஒரே காரணத்திலிருந்து வருகின்றன என்றே தோன்றுகிறது. நெடுங்காலம் நாற்காலியில் அமர்ந்து உழைத்தவர்களிடம் இவ்விரண்டும் சேர்ந்தே இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஸ்விங்கின்போது உடல் திரும்புவதற்கு முதன்மையாக இரண்டு இடங்கள் உள்ளன: இடுப்பு மூட்டுகளும், மார்புக்குப் பின்னாலுள்ள மேல்முதுகும். இவற்றுக்கு நடுவிலிருக்கும் கீழ்முதுகு குனிந்து நிமிர்வதற்கு அமைந்ததே தவிரச் சுழல்வதற்கு அமைந்ததன்று. அதன் ஐந்து எலும்புகளும் சேர்ந்தாலும் மிகச் சில பாகைகளே திரும்பும். நாள் முழுவதும் அமர்ந்திருப்பவருக்கு இடுப்பு மூட்டு இறுகுகிறது, மேல்முதுகு விறைக்கிறது. எனவே மட்டையை ஓங்கும்போது அவ்விரண்டும் தர மறுக்கும் சுழற்சியைக் கீழ்முதுகு தர வேண்டியிருக்கிறது. மறுநாள் வலிப்பது அதனால்தான். மட்டை கீழிறங்கும்போது இடுப்பு முதலில் இலக்கை நோக்கித் திரும்ப வேண்டும். அது திரும்பாதபோது தோளும் கைகளும் முந்திக்கொண்டு மட்டையை வெளியிலிருந்து உட்புறமாகக் குறுக்கே இழுக்கின்றன. அந்தப் பாதைக்கு மட்டையின் முகம் திறந்திருந்தால், வலக்கை ஆட்டக்காரரின் பந்து வலப்புறம் வளையத்தான் செய்யும். கீழிறங்கும் அசைவு ஏறக்குறையக் கால் நொடியில் முடிந்துவிடுகிறது. அதற்குள் எந்தப் பயிற்சியாளரின் சொல்லை நினைவில் வைத்திருந்தாலும், இறுகிய மூட்டு திரும்பாது. நூற்றைம்பது பந்துகள் அடிக்கும் மாலையில் நீங்கள் உண்மையில் பழகுவது, இடுப்பு இல்லாமல் அடிக்கும் அந்தத் தவறான வழியைத்தான்.

ஆகவே, ரேஞ்சுக்குப் போகும் மூன்று மாலைகளில் இரண்டை உடலுக்குக் கொடுங்கள். வலி காலுக்கு இறங்கினாலோ, மரத்துப்போனாலோ, ஓரிரு வாரங்களில் தணியாவிட்டாலோ முதலில் மருத்துவரைப் பாருங்கள். இதில் தயக்கமே வேண்டாம். அப்படி இல்லையென்றால், ஒரு பக்கமாகப் படுத்து முழங்கால்களை மடக்கி, மேலிருக்கும் கையை மறுபக்கத் தரைவரை மெல்லத் திறந்து மேல்முதுகைத் திருப்பும் பயிற்சியிலிருந்து தொடங்கலாம். தரையில் அமர்ந்து இரு முழங்கால்களையும் ஒருபுறமும் பின் மறுபுறமும் சாய்க்கும் பயிற்சி இடுப்பைத் தளர்த்தும். மூட்டுகள் சிறிது இளகிய பின், குந்தி எழுதல், குறைந்த எடையைத் தரையிலிருந்து முறையாகத் தூக்குதல், இரு கைகளிலும் எடையுடன் நடத்தல், ஒற்றைக்காலில் நிற்றல் ஆகியவற்றைப் பயிற்றுநர் ஒருவரின் கண்காணிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். வயது ஏற ஏற நாம் முதலில் இழப்பது விரைந்து செயல்படும் தசை இழைகளை. அவற்றைத் தக்கவைக்க எடைப்பயிற்சியை விடச் சிறந்த வழி எனக்குத் தெரிந்து இல்லை.

எடை தூக்கினால் ஸ்விங் கெடும் என்ற பேச்சு உங்கள் நண்பர்களுடையது மட்டுமன்று. ஒரு காலத்தில் தொழில்முறை ஆட்டக்காரர்களே அப்படித்தான் நம்பினார்கள். அந்தக் காலத்திலேயே எடைப்பயிற்சியை விடாமல் செய்தவர் தென்னாப்பிரிக்காவின் கேரி பிளேயர். உயரமும் உடற்கட்டும் பெரிதாக வாய்க்காத அவர் கோல்ஃபின் மிகப் பெரிய போட்டிகளான மேஜர்களில் ஒன்பது பட்டங்களை வென்றார். அவற்றில் கடைசியான 1978 மாஸ்டர்ஸ் பட்டத்தை வெல்லும்போது அவருக்கு வயது 42. இறுதி நாளை ஏழு அடிகள் பின்தங்கித் தொடங்கி, கடைசிப் பத்துக் குழிகளில் ஏழில் பர்டி (குழிக்கு வகுத்த அடிகளான பாரைவிட ஓர் அடி குறைவு) எடுத்து, 64 அடிகளில் சுற்றை முடித்தார். உடற்பயிற்சி ஒருவரின் ஆட்டத்தைக் கெடுக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

ஹேண்டிகேப் அசையவில்லை என்பதற்காக மனம் சோர வேண்டாம். 2020 முதல் நடைமுறையிலுள்ள உலக ஹேண்டிகேப் முறை உங்கள் கடைசி 20 சுற்றுகளில் சிறந்த எட்டை மட்டும் எடுத்துக் கணக்கிடுகிறது. அது உங்கள் சராசரியைக் காட்டுவதன்று. நன்றாக ஆடும் நாளில் உங்களால் எட்டக்கூடியதைக் காட்டுவது. 21 உள்ளவர் பெரும்பாலான நாட்களில் அதைவிடச் சில அடிகள் கூடுதலாக ஆடுவதே இயல்பு. உங்கள் 97-உம் 98-உம் அந்த இயல்புக்குள்தான் இருக்கின்றன.

அடிகள் எங்கே போகின்றன என்பதை அறிந்துகொள்வதே அடுத்த வேலை. வெற்றி தோல்வி, குழியைச் சுற்றியுள்ள வெட்டிய புல்தரையான கிரீனில்தான் முடிவாகிறது என்று கிளப்புகளில் ஓயாமல் சொல்வார்கள். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி ஏராளமான ஆட்டங்களின் ஒவ்வொரு அடியையும் ஆராய்ந்து, நல்ல ஆட்டக்காரருக்கும் சுமாரானவருக்கும் உள்ள வேறுபாட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு 100 கஜத்துக்கு அப்பாலிருந்து அடிக்கும் அடிகளில் உருவாகிறது என்று காட்டினார். எட்டு அடித் தொலைவிலிருந்து உலகின் முன்னணி ஆட்டக்காரர்களே பாதி முறைதான் குழியில் இடுகிறார்கள்; அந்தத் தொலைவில் தவறவிட்டதற்காக நீங்கள் வருந்துவது வீண். மரத்துக்குள் தொலைந்த பந்துக்காக வருந்துங்கள். அது ஓர் அபராத அடியையும் அடித்த தொலைவையும் சேர்த்தே பறித்துக்கொள்கிறது. இடுப்பு இளகும் வரை குறுகலான குழிகளில் டிரைவரைப் பையிலேயே விட்டுவிட்டு, டிரைவரைவிடக் குட்டையான ஐந்தாம் எண் வுட்டையோ ஹைப்ரிடையோ கொண்டு, நடுவிலுள்ள வெட்டிய புல்பாதையான ஃபேர்வேயில் பந்தை நிறுத்துங்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து உங்கள் ஊருக்குக் காற்று இறங்கும் மாதங்களில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும்.

தூரம் குறைந்துவிடுமே என்று நீங்கள் அஞ்சக்கூடும். டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்திய வீராங்கனை அதிதி அசோக் ஆடியதை நினைத்துப் பாருங்கள். சில வாரங்களுக்கு முன்புதான் கொரோனாவால் உடல் தளர்ந்து அடிக்கும் தூரத்தை இழந்திருந்தார். அங்கே ஆடியவர்களில் மிகக் குறைந்த தூரம் அடித்தவர்களில் அவரும் ஒருவர். தாயார் மட்டைப் பையைச் சுமந்துவர, நான்கு நாட்களும் முன்னணியிலேயே ஆடி, ஒரே ஓர் அடியில் பதக்கத்தை இழந்து நான்காவதாக வந்தார். கோல்ஃப் பற்றி ஒன்றும் அறியாத வீடுகளில்கூட அந்தச் சனிக்கிழமை காலையில் தொலைக்காட்சியை விட்டு எழுந்திருக்கவில்லை என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் நெகிழ்ச்சி உண்டாகிறது.

எஞ்சியிருக்கும் ஒரு மாலையில் ஐம்பது பந்துகள் போதும். ஒரே மட்டையால் தொடர்ந்து அடிக்காமல், பந்துக்குப் பந்து மட்டையையும் இலக்கையும் மாற்றி, மைதானத்தில் செய்வதைப் போலவே பின்னால் நின்று பார்த்து, பின் வந்து அடியுங்கள். அன்றைய மாலை குளறுபடியாகத் தோன்றினாலும், இப்படிக் கற்றதுதான் போட்டி நாளில் கைகொடுக்கும். முடிந்த போதெல்லாம் வண்டியில் ஏறாமல் நடந்தே ஆடுங்கள். பதினெட்டுக் குழிகளுக்கு எட்டு முதல் பத்துக் கிலோமீட்டர் வரை நடப்பீர்கள்.

வயதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இடுப்பு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு ஓராண்டுகூட நிறைவடையாத நிலையில், 2009-இல் ஸ்காட்லாந்தின் டர்ன்பெரியில் நடந்த பிரிட்டிஷ் ஓபன் போட்டியில் அமெரிக்காவின் டாம் வாட்சன் தமது 59-ஆம் வயதில் கடைசிக் குழிவரை முன்னிலையில் இருந்தார். அங்கே ஒரு பார் எடுத்திருந்தால் பட்டம் அவருடையது. அது தவறியதால் ஆட்டம் சமனாகி, பின்னர் கூடுதல் குழிகளில் ஆடும் பிளே-ஆஃபில் ஸ்டூவர்ட் சிங்க் என்பவரிடம் தோற்றார். அவருடைய திறமை நம் யாருக்கும் இல்லை; ஆனால் திரும்பக்கூடிய இடுப்பு 59 வயதிலும் ஒருவருக்கு எவ்வளவு தரும் என்பதை அந்த நான்கு நாட்களில் உலகம் பார்த்தது. அமைதி அடைவதற்கு 54 மிகவும் முந்திய வயது.

புதிய டிரைவரை இப்போது வாங்காதீர்கள். இன்றைய உங்கள் ஸ்விங்குக்கு அளந்து வாங்கும் மட்டை, ஆறு மாதம் கழித்து மாறியிருக்கும் ஸ்விங்குக்குப் பொருந்தாது. அதுவரை ஒவ்வொரு சுற்றிலும் தொலைந்த பந்துகளையும், கிரீனில் மூன்று முறை உருட்டி அடித்த (பட் செய்த) குழிகளையும், கிரீனுக்கு அருகிலிருந்து அடித்தும் கிரீனைச் சேராத அடிகளையும் அட்டையின் ஓரத்தில் குறித்து வாருங்கள். தணிக்கை உங்கள் தொழில். இந்தக் கணக்கை என்னைவிட நீங்கள் நன்றாகவே படிப்பீர்கள். தை மாதத்தில் அந்த அட்டைகளுடன் மீண்டும் எழுதுங்கள். எந்த டிரைவர் என்பதை அப்போது பேசலாம்.

அன்புடன்.