இலங்கை மலையகத் தமிழர் பிரச்சினை ஒன்றைப் பற்றிக் கட்டுரை எழுத நூலகத் தரவுத்தளங்களில் எப்படித் தேடுவது? கூகுள் போதாதா?

கூகுளில் கிடைக்கும். ஒரே செய்தியைப் பத்துத் தளங்கள் வெட்டி ஒட்டியதுதான் கிடைக்கும்.

நான் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது நூலகக் கணினியில் ஆய்வுக் கட்டுரைகள் இருக்கும் ஜேஸ்டோர் (JSTOR) தரவுத்தளத்தைத் திறந்து, 'மலையகம்' என்பதை ஆங்கில எழுத்தில் அடித்தேன். வந்தது சொற்பம். நம்மைப் பற்றி ஒருவருமே எழுதவில்லையா என்று மனசு விட்டுப்போனது. பின்னால் நின்ற சீனியர் அக்கா ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம ஆளுங்கள வெள்ளைக்காரன் எந்தக் காலத்துல தம்பி அப்படிக் கூப்பிட்டான்?" என்றார்.

விஷயம் அவ்வளவுதான். 1948 குடியுரிமைச் சட்டம், 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் பற்றியெல்லாம் தேடினால் 'இந்தியன் தமிழ்ஸ்' என்றுதான் அடிக்க வேண்டும். 'எஸ்டேட் லேபர்', 'பிளான்டேஷன் தமிழ்ஸ்', 'அப்கன்ட்ரி தமிழ்ஸ்' என்று ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குவியல் இருக்கிறது. 'மலையக' என்பது அண்மைய கட்டுரைகளில்தான் அதிகம். அதிலும் கடைசிக் 'க'வுக்குச் சிலர் ஆங்கில 'ஜி' போட்டு எழுதுகிறார்கள், சிலர் 'எச்' போட்டு. எல்லாப் பெயரையும் தனித்தனியாக இரட்டை மேற்கோளுக்குள் இட்டு, நடுவில் ஆங்கில 'ஓஆர்' சேர்த்து ஒரே தேடலாக்குங்கள். வளாகத்துக்கு வெளியே இருந்தாலும் ஜேஸ்டோரில் இலவசக் கணக்குத் திறந்து வாசிக்கலாம்.

ஆனால் அங்கே பல இதழ்களின் கடைசிச் சில வருடங்கள் இருக்காது. 2021இல் 1000 ரூபாவாகி, 2024இல் 1,350 ஆன தோட்டத் தொழிலாளர் நாட்சம்பளம் போன்ற சூடான விஷயத்துக்கு இலங்கை ஆய்விதழ்கள் இருக்கும் ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் தளத்தையும், அரச வர்த்தமானியையும் (கெசட்), பத்திரிகைகளையும் பாருங்கள். பழைய தமிழ்ச் சஞ்சிகை, மலர், துண்டுப்பிரசுரம் வேண்டுமென்றால் நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகம் இருக்கிறது. அங்கே தமிழிலேயே தேடலாம், பெரிய நிம்மதி.

அப்புறம் புள்ளிவிவரம். இதில் நான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். தொகைமதிப்புத் திணைக்களத்தின் கணக்கில் தோட்டத்துறை வறுமை 2016இல் 8.8 சதவீதம், 2019இல் 33.8. மூன்றே வருடத்தில் நாலு மடங்கு என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். விரிவுரையாளர் சிவப்புப் பேனாவால் ஒரு கோடுதான் போட்டார். இடையில் வறுமைக்கோட்டையே புதுப்பித்திருந்தார்கள். இரண்டும் ஒரே அளவுகோலில் எடுத்த எண்கள் அல்ல. அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதை முதலில் வாசியுங்கள்.

அந்தப் பொடி எழுத்தில்தான் இன்னொன்றும் தெரிந்தது. 'தோட்டத்துறை' என்றால் 20 ஏக்கருக்குக் குறையாத, குறைந்தது 10 தொழிலாளர் குடியிருக்கும் தோட்டம். அது இடத்தின் கணக்கு, சனத்தின் கணக்கு இல்லை. தோட்டத்து லயத்தில் (வரிசை வீட்டில்) பிறந்து வளர்ந்து, இப்போது ஹட்டன் டவுனில் கடை வைத்திருக்கும் என் சித்தப்பா அதில் வரமாட்டார்.