பழைய பாக்கெட் கடிகாரத்தில் 'லண்டன்' என்று பொறித்திருந்தால் அது லண்டனில் செய்ததுதானா?

உடனே நம்பிவிடாதீர்கள். 1713இல் இறந்த லண்டன் கடிகாரக் கலைஞர் தாமஸ் டாம்பியனின் பெயரை, அவர் உயிரோடு இருந்தபோதே பிறர் பொறித்து விற்றார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கடிகாரங்களுக்கு ஐரோப்பா முழுவதும் மவுசு. விடுவார்களா? ஜெனீவா பக்கம் மலிவாகச் செய்து, ஏதோ ஒரு லண்டன் பெயரைப் பொறித்து, டச்சு வணிகர்கள் வழியாகத் தள்ளிவிட்டார்கள். இவற்றை 'டச்சுப் போலிகள்' என்பார்கள். செய்தவர்கள் என்னவோ பெரும்பாலும் சுவிஸ்காரர்கள்!

பெயரை மறந்துவிட்டு, முகப்புக் கண்ணாடியைத் திறந்து, உள்ளே இருக்கும் இயந்திரத்தை வெளியே சாய்த்து அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். ஊசலாடும் சக்கரத்தின் மேல் பூவேலைப்பாடுள்ள ஒரு தகடு இருக்கும். ஆங்கிலேயர் அதை ஒரே காலில், ஒரே திருகாணியால் பொருத்துவார்கள். போலிகளில் அது பெரும்பாலும் இருபுறமும் கால் ஊன்றிய பாலமாக இருக்கும். முகப்பில் நிமிடக் கோடு வட்டமாக ஓடாமல் எண்களுக்கு மேல் தோரணம்போல் வளைந்து வளைந்து சென்றாலும் சந்தேகப்படலாம்.

பாரிஸில் கடிகாரக் கலைஞர் ஆபிரகாம் லூயி பிரெகே, போலிகளைத் தடுக்க, 1795 வாக்கில், முகப்பில் 12க்கு அருகே ரகசியக் கையொப்பம் இடத் தொடங்கினார். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும். பிறகு அந்தக் கையொப்பத்தையும் போலி செய்துவிட்டார்கள்.