ஏலத்தில் வரும் பழைய லேத்தை நம்பி வாங்கலாமா?

கேள்வி: ராமேஸ்வரத்தில் சின்னதாக ஒரு லேத் பட்டறை போட நினைக்கிறேன். ஏலத்தில் 6 அடி லேத் ஒன்று வருகிறது. ஐம்பது வருடப் பழையது. வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

வாங்கலாம். நானும் அப்படி வாங்கியதை வைத்துத்தான் மண்டபத்தில் பிழைப்பு நடத்துகிறேன். எனக்கு வருவதில் முக்கால்வாசி விசைப்படகு வேலை. சாப்ட் (சுழலும் தண்டு) கடைசல், அது சுழல உள்ளே போடும் புஷ், தேய்ந்த நட்டுக்குப் புது மரை, இப்படித்தான்.

முதலில் அந்த ‘6 அடி’. அது பெட்டின், அதாவது லேத்தின் எல்லாப் பாகமும் உட்காரும் அடிப்பாகத்தின் நீளம். துண்டைச் சுழற்றும் ஹெட்ஸ்டாக்கும் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கும் உட்கார்ந்த இடம் போக, துண்டை இரு பக்கமும் தாங்கும் கூர்முனைகளான இரண்டு சென்டருக்கும் நடுவே மூன்றடி சொச்சம்தான் கிடைக்கும். படகு சாப்ட் அதைவிட நீளம். அப்படியானால் சாப்ட்டை ஹெட்ஸ்டாக்கில் சுழலும் அச்சான ஸ்பிண்டிலின் ஓட்டை வழியாகப் பின்பக்கம் நீட்டிவிட்டு, வேலை செய்ய வேண்டிய முனையை மட்டும் துண்டைக் கவ்விப் பிடிக்கும் சக்குக்கு முன்னால் வைத்துக் கடைய வேண்டும். ஆக, உங்கள் ஊர் வேலைக்குப் பெட் நீளத்தைவிட ஸ்பிண்டில் ஓட்டைதான் முக்கியம். ஏல அறிவிப்பில் அந்த அளவு பெரும்பாலும் இருக்காது. நான் ஒன்றே முக்கால் அங்குல சாப்ட்டில் ஒரு துண்டு வெட்டிப் பையில் போட்டுக்கொண்டு போனேன். நாலு கிலோ. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனபோது பக்கத்து சீட்காரர் என்னை ஒருமாதிரிதான் பார்த்தார். ஆனால் அங்கே நின்ற நாலு லேத்தில் இரண்டுக்குள் அந்தத் துண்டு நுழையவே இல்லை. கணக்கு அங்கேயே முடிந்தது.

அடுத்தது பெட். துணைக்குக் கீழக்கரையிலிருந்து ஒரு பழைய டர்னரை அழைத்துப் போயிருந்தேன். நாற்பது வருடம் லேத்தில் நின்ற கை. காக்கா (அண்ணன்) என்றுதான் கூப்பிடுவேன். நான் டார்ச் அடித்துப் பெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“தம்பி, டார்ச்ச அணை. கண்ணு ஏமாத்தும். நகத்த வச்சுப் பாரு.”

“என்ன காக்கா தெரியும் நகத்துல?”

பதில் சொல்லாமல் என் விரலைப் பிடித்து, சக்குக்கு அடியில், வெட்டும் டூலைத் தாங்கும் சேடில் ஓடும் வழியின் ஓரத்தில் வைத்து இழுத்தார். நகம் ஒரு படியில் தட்டி நின்றது. சேடில் ஓடாத ஓரம் பழைய உயரத்திலேயே இருக்கிறது, ஓடிய இடம் தேய்ந்து கீழே போயிருக்கிறது. அந்தப் படிதான் தேய்மானம். டெயில்ஸ்டாக் பக்கம் வந்து அதே மாதிரி இழுத்தால் ஒன்றுமே தட்டவில்லை. எல்லா லேத்தும் இப்படித்தான் தேயும். அன்றாட வேலை எல்லாம் சக்கை ஒட்டிய ஒன்றரை அடிக்குள்ளேயே நடப்பதால் மீதிப் பெட் புதிதாகவே கிடக்கும்.

நகத்தை நம்பாதவர்களுக்கு இன்னொரு வழி. சேடிலைச் சக் அருகே கொண்டுபோய், அதன் பூட்டு போல்ட்டை லேசாக உரசும் அளவுக்கு இறுக்குங்கள். பிறகு டெயில்ஸ்டாக் பக்கமாக ஓட்டுங்கள். கடைசிவரை ஒரே மாதிரி ஓடினால் நல்லது. பாதியில் இறுகி நின்றால் அந்தப் பக்கம் பெட் உயரம், சக் பக்கம் பள்ளம் என்று அர்த்தம். இறுகுகிறது என்பதற்காக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சாண் நீளப் புஷ் கடைவதற்கு அந்தத் தேய்மானம் ஒரு பொருட்டே இல்லை. மூன்றடி சாப்ட்டை ஒரே அளவில் இழுக்க நினைத்தால்தான் ஒரு முனை தடிப்பாகவும் இன்னொரு முனை மெலிவாகவும் வந்து உயிரை எடுக்கும். என்ன வேலைக்கு என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

கரண்ட் கொடுத்து ஓட்டிக் காட்டுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒவ்வொரு கியராகப் போட்டுச் சக்கைக் கையால் சுற்றுங்கள். சுற்றுக்கு ஒரு தடவை ‘டக்’ என்றால் எங்கோ பல் உடைந்திருக்கிறது.

நான் எடுத்தது ஹரிஹரில் செய்த மைசூர் கிர்லோஸ்கர். வார்ப்பு இரும்பு என்றால் அது இரும்பு. இன்றும் கனமான வெட்டுக்கு அதிராது. அந்த ஆலை மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, உதிரி பாகம் பழைய இரும்புக் கடைகளில்தான் தேட வேண்டும். பெங்களூரில் 1953இல் தொடங்கிய எச்எம்டியின் பழைய லேத்துகளும் ஏலத்துக்கு வரும். இரண்டில் எது கிடைத்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

சரி, நான் ஏமாந்த கதைக்கு வருகிறேன். பார்வையிடும் நாளில் லேத்தின் காலடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. உள்ளே பத்துப் பதினைந்து கியர் சக்கரம். மரை வெட்டும்போது பின்பக்கம் மாற்றிப் போடும் சேஞ்ச் கியர்கள். லேத்தோடு வரும் என்று நினைத்தேன், கேட்கவில்லை. ஏலத்தொகை 1,10,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் 19,800, எல்லாம் கட்டிவிட்டு எடுக்கப் போனால் பெட்டியைக் காணோம். அது ‘கழிவு இரும்பு’ என்று வேறு லாட்டில் (ஏலத் தொகுதியில்) சேர்ந்து, கிலோ கணக்கில் இன்னொருவருக்குப் போய்விட்டது. ‘உள்ளது உள்ளபடி’ என்று எழுதியதில் கையெழுத்துப் போட்டவன் நான். யாரிடம் சண்டை போடுவது?

அதில் போன முக்கியமான சக்கரம் 127 பல். மரை வெட்டும்போது சேடிலை நகர்த்தும் நீளத் திருகான லீட் ஸ்க்ரூ, பழைய லேத்துகளில் பெரும்பாலும் அங்குலக் கணக்கு. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், ஐந்து அங்குலம் சரியாக 127. மெட்ரிக் மரை பிசகாமல் வெட்ட அந்தச் சக்கரம் வேண்டும். 127 பகா எண் என்பதால் சின்னச் சக்கரங்களைக் கோத்து அதே விகிதத்தைக் கொண்டுவரவும் முடியாது. பழைய படகு நட்டுகள் பல விட்வொர்த் என்ற அங்குலக் கணக்கு மரை, மரையின் கோணம் 55 டிகிரி. புது எஞ்சினோடு வருவது மெட்ரிக், 60 டிகிரி. இரண்டும் வெட்டத் தெரியாத பட்டறைக்கு யார் வருவார்கள்?

காக்காதான் வழி சொன்னார். 63 பல் சக்கரத்தை மற்றச் சக்கரங்களோடு சேர்த்துப் போட்டால் 127 தரும் விகிதத்துக்குப் பக்கத்தில் வரும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மீட்டர் நீளத்துக்குப் பிசகு 0.125 மில்லிமீட்டர்தான். இரண்டு அங்குல நட்டில் அது எங்கே தெரியப்போகிறது? இன்றுவரை 63இல்தான் ஓடுகிறது. ஆனால் நீங்கள் அறிவிப்பில் லாட் எண்ணைப் பாருங்கள். சக், நீளத் துண்டை நடுவில் தாங்கும் ஸ்டெடி, கியர் பெட்டி எல்லாம் அதே எண்ணில் எழுதியிருக்கிறதா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். போட்டோ எடுத்து வைப்பது மட்டும் போதாது.

ஏற்றும்போது சேடிலை டெயில்ஸ்டாக் பக்கம் தள்ளிவிட்டு, பட்டையைப் பெட்டுக்கு அடியில் கொடுத்துத் தூக்கச் சொல்லுங்கள். லீட் ஸ்க்ரூவில் பட்டை பட்டால் வளைந்துவிடும். ஹெட்ஸ்டாக் பக்கம்தான் கனம், சாயப் பார்க்கும். லாரி, கிரேன், மோட்டார் வேலை, மூன்று ஃபேஸ் இணைப்பு எல்லாம் சேர்ந்து எனக்கு இரண்டு லட்சத்தைத் தாண்டியது.

அப்புறம் நம் ஊர் உப்புக்காற்று. வடகடலும் தென்கடலும் இரண்டு பக்கமும். இறக்கிய இரவு பாலித்தீன் போட்டு மூடினேன். காலையில் எடுத்தால் உள்ளே வியர்த்து, பெட் முழுக்கச் செம்மண் பூசினாற்போல் துரு. இப்போது எண்ணெயில் நனைத்த பருத்தித் துணிதான் போர்வை. டூல் பெட்டிக்குள் நாலு கட்டி சூடம்.

ஏலம் எந்த ஊரில் என்று கருத்தில் எழுதுங்கள். காக்காவைக் கேட்டுப் பார்க்கிறேன். பஸ் செலவும் மதியச் சாப்பாடும் உங்களுடையது. ஏப்ரல் 15க்கு முன்னால் என்றால்தான் முடியும். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் படகெல்லாம் கரையில், 61 நாளும் எங்களுக்குத் தலை நிமிர நேரம் இருக்காது.