தனியாகப் பகடை உருட்டுகிறவர்களுக்கு: கேள்வி பதில்

நம் பலகை விளையாட்டுக் குழுவில் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். ஒரே ஆள், ஒரு நோட்டு, ஒரு பேனா, கொஞ்சம் பகடை, ஒரு சீட்டுக்கட்டு. இதை வைத்து ஆடும் கதை விளையாட்டுகளைப் பற்றி ஒருநாள் உட்கார்ந்து பதில் சொல்லுங்கள் என்று. சரி, உட்கார்ந்துவிட்டேன். ரம்மி ஆப், மொபைல் கேம் பற்றிய கேள்விகளுக்கு வேறு ஆளைப் பிடியுங்கள்.

நெல்லிக்குப்பம்: அக்கா, எதிரில் ஆளே இல்லாமல் எப்படி விளையாடுவது? யாரை ஜெயிப்பது?

பெரும்பாலும் யாரையும் ஜெயிக்க வேண்டாம். கதை எங்கே போகிறது என்று பார்ப்பதற்காக ஆடுகிறோம். 1974இல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் பாத்திரங்களாக ஆடுவார்கள். ஆள் சேராத ஊரில் என்ன செய்வது என்ற கவலை அப்போதே இருந்தது. 1976லேயே அதே வகை விளையாட்டான டனல்ஸ் அண்ட் டிரோல்ஸுக்காக 'பஃபலோ காசில்' என்று தனியாள் சாகசம் ஒன்று அச்சில் வந்துவிட்டது. அதில் பத்தி பத்தியாக எல்லாவற்றையும் எழுதி வைத்திருப்பார்கள், நாம் எண்ணைப் பார்த்துத் தாவ வேண்டும்.

நாம் இங்கே பேசுவது அதன் பேரப்பிள்ளைகளை. இவற்றில் புத்தகம் முழுக் கதையும் சொல்லாது. பகடை உருட்டினால் அல்லது சீட்டு எடுத்தால் ஒரு பிராம்ப்ட் கிடைக்கும், அதாவது ஒரு கேள்வியோ அரைகுறைச் சம்பவமோ. 'நீ நம்பிய ஒருவர் இன்று வரவில்லை, ஏன்?' என்பது மாதிரி. பதிலை உங்கள் பாத்திரத்தின் நாட்குறிப்பாக நீங்கள் எழுத வேண்டும். எழுதியதை மாற்ற முடியாது. அடுத்த சீட்டு அதன்மேல் வந்து உட்காரும். அங்கேதான் சுவாரசியமே.

லாஸ்பேட்டை: எதில் ஆரம்பிக்கலாம்?

டகூமா ஒகாடாவின் 'அலோன் அமங் தி ஸ்டார்ஸ்'. விதிகள் மிகக் கொஞ்சம். நீங்கள் கிரகம் கிரகமாகத் தனியாகச் சுற்றும் பயணி. ஒரு கிரகத்தில் எத்தனை சீட்டு எடுப்பது என்பதைப் பகடை சொல்லும். என்ன கண்டீர்கள் என்பதைச் சீட்டின் இனமும், எங்கே கண்டீர்கள் என்பதை அதன் எண்ணும் சொல்லும். ஒவ்வொன்றுக்கும் நாலைந்து வரி எழுதினால் போதும்.

ஒரு எச்சரிக்கை, இன்று இதைப் பலமுறை சொல்லப்போகிறேன்: அழகான நோட்டில் ஆரம்பிக்காதீர்கள். பள்ளிக்கூடத்து ரஃப் நோட்டு போதும்.

மஞ்சக்குப்பம்: தமிழில் ஏதாவது இருக்கிறதா? ஆங்கிலத்தில் விதி படித்தாலே தூக்கம் வருகிறது.

விதியை ஒருமுறை படித்தால் முடிந்தது. எழுதப்போவது நீங்கள்தானே, தமிழில் எழுதுங்கள். இன்னும் நல்ல வழி, அட்டவணையை நம் ஊருக்கு மாற்றிக்கொள்வது. நான் நட்சத்திரங்களை விட்டுவிட்டு அரிக்கமேட்டுக்குப் போனேன். 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது கூட இருந்த ஒரு குமாஸ்தா என் பாத்திரம். ஆட்டின் வந்தால் மனிதர், கிளாவர் வந்தால் மரம் செடி, டைமண்ட் என்றால் மண்ணில் கிடைத்த பொருள், இஸ்பேட் என்றால் ஆறும் மழையும். ஒருநாள் டைமண்ட் நாலு வந்தது. நான் எழுதியது இவ்வளவுதான்:

'பிற்பகல். குழியில் ஒரு மணி. பச்சைக் கண்ணாடி, மிளகளவு, துளையில் இன்னும் மண். கூலிக்கு வந்த பெண் அதைப் பாவாடையில் துடைத்துவிட்டுத்தான் கொடுத்தாள். துரைக்குத் தெரிந்தால் திட்டுவார். பதிவேட்டில் மணிக்கு எண் போட்டேன். அவள் பெயர் எழுத அதில் கட்டம் இல்லை.'

அடுத்த சீட்டு ஆட்டின். அந்தப் பெண் திரும்பி வந்தாள். நான் திட்டமிட்டு எழுதியிருந்தால் வந்திருக்க மாட்டாள்.

திருப்பாதிரிப்புலியூர்: இலவசமாகக் கிடைக்குமா?

நிறைய உண்டு. ஷான் டாம்கின் எழுதிய 'அயர்ன்ஸ்வோர்ன்' (2018) பெரிய புத்தகம், பிடிஎஃப் முழுவதும் இலவசம். நாட்குறிப்பு வகையைவிட சாகசம் கூடுதல். ஆறுபக்கப் பகடை ஒன்றை உருட்டி உங்கள் திறன் எண்ணைக் கூட்டுங்கள். கூடவே பத்துப்பக்கப் பகடை இரண்டை உருட்டுங்கள். கூட்டுத்தொகை இரண்டையும் தாண்டினால் முழு வெற்றி, ஒன்றை மட்டும் தாண்டினால் ஏதோ ஒரு விலை கொடுத்து வெற்றி, ஒன்றையும் தாண்டாவிட்டால் வினை. பத்துப்பக்கப் பகடை இல்லாதவர்கள் சீட்டுக்கட்டில் ஏஸ் முதல் பத்து வரை வைத்துக்கொள்ளலாம்.

முத்தியால்பேட்டை: 'தவுசண்ட் இயர் ஓல்ட் வாம்பையர்' ஆடிக்கொண்டிருக்கிறேன். எழுதிய நினைவுகளைக் கோடு போட்டு அடிக்கச் சொல்கிறது. மனசே வரவில்லை. அடிக்காமல் தொடரலாமா?

கூடாது. அதை அடிப்பதற்காகத்தான் அந்த விளையாட்டே.

தெரியாதவர்களுக்கு: டிம் ஹட்சிங்ஸ் உருவாக்கியது. பல நூற்றாண்டு வாழும் ஒரு ரத்தக்காட்டேரியாக ஆடுவீர்கள். பத்துப்பக்கப் பகடையிலிருந்து ஆறுபக்கப் பகடையைக் கழித்து, முன்னாலோ பின்னாலோ நகர்ந்து பிராம்ப்டைப் படிக்க வேண்டும். மனதில் ஐந்து நினைவுகளுக்குத்தான் இடம், ஒவ்வொன்றிலும் மூன்று அனுபவங்கள். ஆறாவது வரும்போது ஒன்று போக வேண்டும். நாட்குறிப்பு ஒன்று வைத்துக்கொண்டு அதற்கு நான்கு நினைவுகள் வரை மாற்றலாம், ஆனால் அந்த நாட்குறிப்பே தொலைந்துபோகலாம்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இது புரியாமல் போகாது. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்து பார்த்ததையும் கேட்டதையும், வதந்தி உட்பட, தேதியும் நேரமும் போட்டு எழுதி வைத்தார். அதிலும் சில பகுதிகள் நமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்ததை வைத்துத்தான் அவரை நமக்குத் தெரியும். உங்கள் காட்டேரிக்கும் அதே கதிதான். தன் தாயின் முகத்தை அடித்துவிட்டு, எவனோ ஒருவன் கொடுத்த மோதிரத்தை வைத்துக்கொள்கிறது என்றால், அது எப்படிப்பட்ட பிராணி என்று அங்கேதான் தெரியும். அழிக்காமல் ஒரே கோடு போட்டு அடியுங்கள். படிக்கத் தெரிய வேண்டும், பயன்படுத்தக் கூடாது.

அரியாங்குப்பம்: நல்ல ஜர்னல், ஃபவுண்டன் பேனா பரிந்துரைக்க முடியுமா?

முடியாது. புதுச்சேரியில் கைக்காகித நோட்டுகள் கண்ணைப் பறிக்கும், எனக்கும் தெரியும். வாங்குங்கள், கல்யாணத்துக்குப் பரிசு கொடுங்கள். விளையாட எடுத்தால் முதல் பக்கத்தில் கையெழுத்து அழகாக வர வேண்டுமே என்று பயந்து, இரண்டாம் பக்கத்துக்குப் போகமாட்டீர்கள். ரஃப் நோட்டு.

வில்லியனூர்: பகடைக்குப் பதில் சோழி போட்டு ஆடலாமா? வீட்டில் ஆறு சோழி இருக்கிறது. எத்தனை மல்லாந்து விழுகிறதோ அதுதான் எண்.

ஆடலாம், ஆனால் ஆறுபக்கப் பகடை ஆகாது. சோழி பாதிக்குப் பாதி விழும் என்றே வைத்துக்கொள்வோம். ஆறு சோழி விழ 64 வழி. மூன்று மல்லாந்து விழ 20 வழி, ஆறும் மல்லாந்து விழ ஒரே வழி. பகடையில் ஆறு எண்ணுக்கும் சம வாய்ப்பு. உங்கள் சோழியில் மூன்றாம் எண் பிராம்ப்ட் திரும்பத் திரும்ப வந்து உயிரை எடுக்கும், ஆறு கண்ணிலேயே படாது. பூஜ்யம் வேறு வரும், அதற்குப் புத்தகத்தில் வரியே இருக்காது.

முத்தியால்பேட்டை: நானும் சொல்ல நினைத்தேன். சோழி பாதிக்குப் பாதியும் விழாது. ஒரு பக்கம் உருண்டை, ஒரு பக்கம் தட்டை. தேய்ந்த சோழி என்றால் இன்னும் மோசம்.

உண்மை.

வில்லியனூர்: அதனால் என்ன? வாழ்க்கையில் மட்டும் எல்லாம் சம வாய்ப்பிலா நடக்கிறது? சாதாரண நாளை நடுவில் போடுங்கள், சாவையும் புதையலையும் ஓரத்தில் போடுங்கள்.

இதில் நியாயம் இருக்கிறது. இரண்டு ஆறுபக்கப் பகடையைக் கூட்டும் அட்டவணைகள் அப்படித்தான்: ஏழு வர 36இல் 6 வாய்ப்பு, இரண்டுக்கும் பன்னிரண்டுக்கும் ஒவ்வொன்று. நீங்களே அட்டவணை எழுதினால் சோழி அருமையான கருவி. அடுத்தவர் எழுதிய ஆறு வரி அட்டவணையில் சோழி போடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

முத்தியால்பேட்டை: அப்படியென்றால் தாயக்கட்டை?

இதற்காகக் காத்திருந்தேன். கட்டைக்கு நாலு பக்கம்: வெறும் பக்கம், ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு கட்டையையும் வழக்கம்போலக் கூட்டினால் மறுபடி நடு எண் குவியும். கூட்டாதீர்கள். ஒரு கட்டையின் முனையில் சிவப்பு நூல் கட்டுங்கள். நூல் கட்டை வெறும் பக்கம் காட்டினால் இரண்டையும் மறுபடி உருட்டுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று காட்டினால் மற்ற கட்டையைப் பாருங்கள். அது வெறுமையோ ஒன்றோ என்றால் நூல் கட்டையின் எண்ணை அப்படியே எடுங்கள். அது இரண்டோ மூன்றோ என்றால் மூன்றைக் கூட்டுங்கள். ஒன்று முதல் ஆறு வரை, எல்லாம் சம வாய்ப்பு. வெண்கலக் கட்டை சிமெண்ட் தரையில் உருளும் சத்தம் உபரி லாபம்.

பாகூர்: அம்மா, சோழி போடுவது பிரசன்னம் பார்க்க. அதை விளையாட்டுக்கு எடுப்பது சரியா?

ஐயா, பல்லாங்குழியும் சோழியில் ஆடியதுதானே. பூஜை அறைச் சோழியை எடுக்க வேண்டாம், வேறு வாங்கிக்கொள்ளலாம்.

வில்லியனூர்: அப்படியே தாயக்கட்டைக்கும் ஒரு கேள்வி. எங்கள் வீட்டுக் கட்டை ஒன்று கோணல். அது மட்டும் சம வாய்ப்பா?

முத்தியால்பேட்டையும் வில்லியனூரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரைச் சாலையில் சந்தித்து, கட்டையையும் சோழியையும் நூறு நூறு முறை போட்டு எண்ணிப் பாருங்கள். முடிவைச் சொல்லுங்கள். இப்போது அடுத்தவர்.

தேவனாம்பட்டினம்: 'தி ரெச்சட்' ஆட ஆசை. ஜெங்கா வாங்க வேண்டுமா? விண்கலத்துக்குப் பதில் 'தானே' புயல் இரவை வைத்து ஆடலாமா?

இரண்டு கேள்வி. கிறிஸ் பிசெட் எழுதிய விளையாட்டு. விண்கலத்தில் மிஞ்சிய ஒரே ஆள் நீங்கள். தினமும் சீட்டு எடுத்து, சில சீட்டுகளுக்குக் கட்டைக் கோபுரத்திலிருந்து ஒன்றை உருவி, அன்றைய பதிவை வாய்விட்டுச் சொல்லிப் பதிய வேண்டும். கோபுரம் விழுந்தால் கதை முடிந்தது. ஜெங்கா என்பது அந்தக் கோபுரம்தான், கட்டைகள் 54. வாங்க மனமில்லை என்றால் தச்சுப் பட்டறையில் ஒரே அளவில் ரீப்பர் துண்டுகள் வெட்டித் தரச் சொல்லி, உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். காலித் தீப்பெட்டியில் முயலாதீர்கள், உருவுவதற்கு எடை பத்தாது. எதுவானாலும் ஃபேனை நிறுத்திவிட்டு ஆடுங்கள்.

'தானே' புயல் பற்றி. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று தெரியாது. அந்த விளையாட்டு தோற்பதற்காகவே அமைந்தது, தப்பிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. உங்கள் வீட்டில் இழப்பு இருந்தால் அந்த இரவை எடுக்காதீர்கள், கூரை பறந்த மறுநாளை எடுங்கள். பண்ருட்டிப் பக்கம் விழுந்துகிடக்கும் முந்திரி மரங்களுக்கு நடுவில் நிற்கும் ஒரு விவசாயி, எதை நிமிர்த்தலாம், எதை விறகுக்கு விற்கலாம் என்று ஒவ்வொரு மரமாகப் பார்க்கிறார். அந்தக் கதைக்குக் கோபுரம்கூட வேண்டாம், சீட்டுக்கட்டு போதும். நடுவில் நெஞ்சு கனத்தால் நோட்டை மூடிவிடுங்கள்.

நெய்வேலி: இலவசமாக எங்கே கிடைக்கும்?

மேலே திருப்பாதிரிப்புலியூருக்குச் சொன்னேன்.

உழவர்கரை: சாட்ஜிபிடியையே கதை நடத்தச் சொன்னால்?

செய்து பாருங்கள். அது உங்களைத் தோற்கவிடாமல் பார்த்துக்கொள்ளும், எழுதுகிற வேலையையும் அதுவே செய்துவிடும். அப்புறம் உங்களுக்கு என்ன வேலை?

சிதம்பரம்: பிடிக்காத எண் வந்தால் மறுபடி உருட்டலாமா?

பிராம்ப்ட் கதைக்குப் பொருந்தவே இல்லை என்றால் உருட்டலாம். உங்கள் பாத்திரத்துக்கு வலிக்கும் என்பதற்காக உருட்டாதீர்கள்.

கடலூர் முதுநகர்: ராத்திரியில் தனியாகச் சீட்டு எடுத்து எழுதுகிறேன். அம்மா என்னைப் பற்றிப் பெரியம்மாவிடம் கவலைப்படுகிறார்.

அம்மாவை ஒரு சீட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

விழுப்புரம்: எந்த நோட்டு நல்லது? இலவச பிடிஎஃப் உண்டா?

ரஃப். உண்டு. மேலே.

திருபுவனை: நானும் என் மனைவியும் சேர்ந்து ஆட ஏதாவது? தனியாக எழுத அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஏவரி ஆல்டரின் 'தி கொயட் இயர்' (2013). ஒரு ஊர், ஒரு வருஷம், 52 சீட்டு, சீட்டுக்கு ஒரு வாரம். எழுதுவது குறைவு, எல்லோரும் சேர்ந்து ஒரே தாளில் வரைபடம் வரைகிறார்கள். தனியாகவும் ஆடலாம், ஆனால் இரண்டு பேருக்கு அருமை. ஒருவர் போட்ட குளத்தை அடுத்தவர் வற்றவிடலாம். இஸ்பேட் ராஜா வந்ததும் ஆட்டம் நின்றுவிடும், கட்டிக்கொண்டிருந்த பாலம் பாதியில் இருந்தாலும் சரி. வரையத் தெரியாது என்று அவர் சொல்வார். பென்சிலை அவரிடமே முதலில் கொடுத்து, ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று மட்டும் கேளுங்கள்.