சொல்லு எங்கருந்து வந்துச்சு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இங்கிலீஷ் 'கேஷ்' நம்ம 'காசு'லருந்து போனதுதான்னு வாட்ஸ்அப்ல ஒரு ஃபார்வர்டு சுத்திட்டே இருக்கு, நிஜமா?

பதில்: பாதி நிஜம். ஆனா ஃபார்வர்டுல சொல்றது தப்பான பாதி. 'கேஷா கார்டா'ன்னு கேக்குறாங்களே, அந்த கேஷ் இத்தாலியன் 'காஸ்ஸா', பிரெஞ்சு 'கெஸ்' வழியா வந்தது, மூலம் லத்தீன் 'காப்ஸா', அதாவது பெட்டி. பணம் வைக்கிற பெட்டியோட பேரு போகப்போக உள்ள இருக்குற பணத்துக்கே ஆகிடுச்சு, நம்ம காசுக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. ஆனா இங்கிலீஷ்ல இன்னொரு கேஷ் இருக்கு, ஸ்பெல்லிங் அதேதான், சின்னச் சில்லறை நாணயத்துக்குப் பேரு. அது சாட்சாத் நம்ம காசு, போர்த்துக்கீசியர் வாய் வழியா அங்க போய்ச் சேர்ந்தது. நடுவுல ஓட்டை போட்ட சீனச் செப்புக் காசைக்கூட வெள்ளைக்காரங்க இந்தப் பேருலதான் கூப்பிட்டாங்க! கிழக்கிந்தியக் கம்பெனி மெட்ராஸ் மாகாணத்துக்காக அடிச்ச 1808-ஆம் வருஷத்து செப்புக் காசு கெடச்சா திருப்பிப் பாருங்க, ஒரு பக்கம் கம்பெனி சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்து, அதுக்குக் கீழ ரோமன் எண்ணுல இருபதுன்னு போட்டு பக்கத்துலயே கேஷ்னு பொறிச்சிருக்கும். அப்போ 80 காசு சேந்தா 'பணம்'ங்கிற நாணயம் ஒண்ணு, 42 பணம் சேந்தா 'வராகன்'ங்கிற தங்க நாணயம் ஒண்ணு. இவ்ளோ அழகான உண்மையை விட்டுட்டு இல்லாத கதையைப் பிடிச்சுத் தொங்குறாங்களேன்னுதான் எனக்கு வருத்தம்.

கேள்வி: ஜன்னல் தமிழ் இல்லையாமே, அப்ப முன்னாடி என்னன்னு சொன்னாங்க?

பதில்: ஆமாங்க, போர்த்துக்கீசிய 'ஜனேலா'தான். சாவி, அலமாரி, மேசை எல்லாம் அதே கப்பல்ல வந்ததுதான். நம்மகிட்ட சாளரம் இருந்துச்சு, பலகணி இருந்துச்சு, எனக்கு உசுரு 'காலதர்' மேலதான். கால்னா காத்து, அதர்னா வழி. சிலப்பதிகாரத்துல புகார் நகரத்தைச் சொல்றப்ப 'மான்கண் காலதர் மாளிகை'ன்னு வருது, மான் கண்ணு மாதிரி துளை விட்ட ஜன்னல் வச்ச மாளிகை. இங்கிலீஷ் 'விண்டோ'வையும் பிரிச்சுப் பாருங்க, பழைய நார்ஸ் மொழியில அது 'காத்துக் கண்ணு'. ஸ்பானிஷ் 'வென்தானா'லயும் காத்துதான் இருக்கு. உடனே எல்லாம் இங்கருந்து போனதுன்னு கெளம்பிடாதீங்க, கண்ணாடி போடாத காலத்துல சுவத்துல ஒரு ஓட்டை விட்டா முதல்ல உள்ள வர்றது காத்து, எந்த நாட்டு ஆளுக்கும் அதான் தோணியிருக்கும்.

கேள்வி: 'ஆசாமி'ல சாமி எப்படி வந்தாரு?

பதில்: சாமிக்கு இதுல சம்பந்தமே இல்ல. அரபியில 'இஸ்ம்'னா பேரு, அதோட பன்மைல ஒண்ணு 'அசாமி'. பாரசீகம், இந்துஸ்தானி வழியா இங்க வந்துச்சு. வரிக் கணக்குல பேரு எழுதியிருக்குற குடியானவரைச் சொன்ன சொல்லு, நம்மகிட்ட யாரோ ஒரு ஆளுன்னு ஆகிடுச்சு. வங்காளத்துல இன்னும் மோசம், அங்க ஆசாமின்னா கேஸ்ல குற்றம் சாட்டப்பட்டவரு!