பென்சில் கையெழுத்தை நம்பி வாங்கலாமா?

கேள்வி: ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன். ஜெர்மன் பெண் கலைஞர் கேத்தே கொல்விட்ஸின் 'பெற்றோர்' என்ற மரச்செதுக்குப் படம் இணையத்தில் 900 யூரோவுக்கு வந்திருக்கிறது. 'அசல், 1923, பென்சில் கையெழுத்துடன்' என்று போட்டிருக்கிறார்கள். ஃபிரேமோடு எடுத்த ஒரே ஒரு ஃபோட்டோதான் இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: இப்போதைக்குப் பணம் அனுப்பாதீர்கள். மரச்செதுக்கு என்றால் மரப்பலகையில் செதுக்கி, மை தடவித் தாளில் அச்சடித்த படம். கொல்விட்ஸின் கையெழுத்துள்ள நல்ல அச்சுப்படிகள் ஏலத்தில் பல ஆயிரம் யூரோவுக்குப் போகின்றன. 900 என்றால் எங்கோ இடிக்கிறது.

ஆசைப்படுவது புரிகிறது. 'போர்' என்று 1923-இல் வெளிவந்த ஏழு படத் தொகுப்பில் ஒன்று இது. அப்பா மண்டியிட்டு ஒரு கையால் முகத்தைப் பொத்திக்கொள்ள, அம்மா அவர் மேல் கவிழ்ந்து கிடக்கிறார். இரண்டு உடம்பும் ஒரே கறுப்புப் பாறையாகிவிட்டன. கொல்விட்ஸின் இளைய மகன் பீட்டர் 18 வயதில் போருக்குப் போக விரும்பினான். தயங்கிய அப்பாவைச் சம்மதிக்க வைத்தவர் அம்மாவான கொல்விட்ஸ்தான். 1914 அக்டோபரில் பெல்ஜியத்தில் மகன் இறந்துபோனான். அந்தக் கையையும் முதுகையும் பார்க்கும்போது எனக்கு அதுதான் முதலில் நினைவுக்கு வரும்.

விற்பவரிடம் படத்தை ஃபிரேமிலிருந்து வெளியே எடுத்து, முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலைகள், கையெழுத்து எல்லாவற்றையும் கிட்டத்தில் ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முழுத் தாள் அல்ல, படம் அச்சான பகுதி மட்டும் எவ்வளவு என்று அளந்து சொல்லச் சொல்லுங்கள். சுமார் 35 செ.மீ. உயரம், 42 செ.மீ. அகலம் இருக்க வேண்டும். அதைவிட நன்றாகச் சிறியதாக இருந்தால் அது புத்தகத்திலிருந்தோ பத்திரிகையிலிருந்தோ வந்த நகல். கொல்விட்ஸின் அச்சுப் படங்களை எண் போட்டு வரிசைப்படுத்தி 2002-இல் வந்த க்னெஸெபெக் பட்டியலில் இதற்கு எந்த எண், எந்தப் பதிப்பு என்றும் கேளுங்கள். நேர்மையான வியாபாரி இதற்குச் சலித்துக்கொள்ள மாட்டார்.

நேரில் பார்க்க முடிந்தால் 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் எடுத்துப் போங்கள். கறுப்புக்குள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் ஆஃப்செட் நகல், அதோடு முடிந்தது. புள்ளி இல்லை என்பதற்காக அசல் என்று ஆகிவிடாது. பழைய உலோக பிளாக்கில் அடித்த நகலும் ஒரே கறுப்பாகத்தான் விழும். கையெழுத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: பென்சில் என்றால் லேசாக மினுக்கும், அச்சில் வந்ததாக இருந்தால் சுற்றியுள்ள மை போலவே கிடக்கும். பென்சிலாகவே இருந்தாலும் கொல்விட்ஸ் போட்டதா என்பது வேறு கேள்வி. நகலின் கீழே யாரும் பென்சிலால் எழுதிவிடலாமே! அதனால்தான் கையெழுத்தைவிட முந்தைய ரசீது, ஏலச் சீட்டு போன்ற காகிதங்களைப் பெரிதாக நினைக்கிறேன்.

விற்பவர் வியாபாரியா, தனி ஆளா என்பதையும் பாருங்கள். வியாபாரியிடம் இணையத்தில் வாங்கினால், பொருள் கைக்கு வந்த 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று எழுதித் திருப்பி அனுப்பலாம். தனி ஆளிடம் அந்த உரிமை கிடையாது. யாராக இருந்தாலும், 'கேத்தே கொல்விட்ஸ், அசல் மரச்செதுக்கு, கலைஞரின் கையெழுத்துடன்' என்று பில்லில் எழுதித் தரட்டும். எழுத மறுத்தால் விட்டுவிடுங்கள்.