முதல்முறை தனியாக பாங்காக் போகிறவருக்கு

"வயது 26. முதல்முறையாகத் தனியாக வெளிநாடு போகிறேன், பாங்காக்கும் சியாங்மாயும். பயமாகவும் இருக்கிறது. பாதுகாப்பாகவும் தைரியமாகவும் சுற்ற என்ன செய்யலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தனியாகப் போன முதல் வெளிநாடும் தாய்லாந்துதான். அதனால் அங்கே பட்டதை வைத்தே சொல்கிறேன்.

எனக்கு அங்கே சிக்கலைக் கொண்டுவந்தது, யார் எது கேட்டாலும் பதில் சொல்லிவிடும் பழக்கம். பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா "எந்த ஊரும்மா, தனியாவா போறே?" என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்லித்தானே வளர்ந்தோம். பாங்காக்கில் பெரிய அரண்மனை வாசலுக்குக் கொஞ்சம் முன்னால், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் ஒருவர் அதையேதான் கேட்டார். இந்தியா, தனியாக, முதல்முறை என்று எல்லாவற்றையும் சொன்னேன். "இன்று பூஜை, அரண்மனை மதியம் வரை மூடியிருக்கும். அதுவரை இந்த டுக்டுக் ஆட்டோவில் வேறு கோயில்களைப் பாருங்கள், இருபது பாட் போதும்" என்றார். ஏறிவிட்டேன். இரண்டாவது நிறுத்தமே ஒரு நகைக்கல் கடை. உள்ளே இரண்டு பேர் நாற்காலி போட்டு உட்காரவைத்து, கல்லை வெளிச்சத்தில் காட்டத் தொடங்கியதும்தான், கல்லை என் தலையில் கட்டத்தான் இங்கே கூட்டி வந்திருக்கிறார்கள் என்று உறைத்தது. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து வெளியே வந்தேன். தெருமுனையில் இருந்த செவன் இலெவன் கடைக்குள் போய் நின்று, கை நடுக்கம் அடங்கிய பிறகு கிராப் என்ற டாக்சி செயலியில் வண்டி போட்டுத் திரும்பினேன். அரண்மனை திறந்துதான் இருந்தது. வழக்கமாகக் காலை 8.30 முதல் மாலை 3.30 வரை டிக்கெட் கொடுப்பார்கள். வாசலில் இருக்கும் கவுண்டரில் கேட்காமல் யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அன்று இரவு அறையில் கண்ணாடி முன் நின்று ஒரே ஒரு தாய் வாக்கியத்தைப் பழகினேன். "மை ஆவ் கா", வேண்டாங்க என்று அர்த்தம். கடைசியில் வரும் "கா" பெண்கள் மரியாதைக்குச் சேர்ப்பது. சிரித்த முகமாகச் சொல்லிவிட்டு நடையை நிறுத்தாமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் பேச்சு வளரும். "தனியாகவா?" என்று கேட்டால் "வீட்டுக்காரர் ஓட்டலில் இருக்கிறார்" என்றேன். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. தெரியாதவரிடம் சொன்ன இந்தப் பொய்க்காக நான் வருந்தியதே இல்லை. நீங்களும் வருந்தவே கூடாது.

அடுத்தது, இறங்கிய முதல் ஒரு மணி நேரம். தூக்கம் இருக்காது, நாணயம் புரியாது, போனில் நெட் இருக்காது. அந்த நேரத்தில் முடிவெடுக்க ஒன்றுமே மிச்சம் இல்லாதபடி ஊரிலேயே எல்லாவற்றையும் முடித்து வைத்துவிடுங்கள். முதல் இரண்டு இரவுக்கு ஓட்டல் போட்டிருக்க வேண்டும், முகவரி தாய் எழுத்திலும் போனில் இருக்க வேண்டும். சிம்மை விமான நிலையத்துக்குள்ளேயே வாங்கிவிடுங்கள். பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கினால் மெட்ரோ மாதிரி ஒரு ரயில் நேராக நகரத்துக்குள் பயாதாய் நிலையம் வரை போகிறது. நள்ளிரவில் இறங்கினால் டாக்சிதான். கீழ்த்தளத்தில் இயந்திரம் கொடுக்கும் சீட்டில் எந்த எண்ணுக்குப் போய் நிற்க வேண்டும் என்று இருக்கும். மீட்டருக்கு மேல் விமான நிலையக் கட்டணம் 50 பாட். சீட்டை டிரைவரிடம் கொடுத்துவிடாமல், படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு வண்டியில் ஏறுங்கள்.

ஓட்டலில் என் அறை எண்ணை ரிசப்ஷனில் இருந்தவர் நாலு பேர் காதில் விழச் சத்தமாகச் சொன்னார். வேறு அறை வேண்டும் என்றேன், மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார். கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் ரப்பர் ஆப்பு ஒன்றையும் எடுத்துப் போங்கள். இரவில் கதவுக்கு அடியில் செருகிவிட்டால், சாவி வைத்திருப்பவர்கூட எளிதில் தள்ளித் திறக்க முடியாது. அந்த ஆப்பு இருந்ததால்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

சியாங்மாய்க்கு இரவு ரயிலில் போவதாக இருந்தால் 9-ஆம் எண் ரயிலில் பெண்களுக்கென்றே ஒரு பெட்டி இருக்கிறதா என்று பார்த்து அதில் டிக்கெட் போடுங்கள். 2014-இல் இரவு ரயில் ஒன்றில் 13 வயதுச் சிறுமி கொல்லப்பட்டாள். நாடே கொதித்த பிறகுதான் பெண்கள் பெட்டி வந்தது, ரயிலில் மதுவுக்கும் தடை வந்தது. திரையை இழுத்துவிட்டுப் படுத்தபோது அந்தக் குழந்தை நினைவுக்கு வந்து வெகுநேரம் தூக்கம் வரவில்லை. சியாங்மாய் ரயில் இப்போது பாங்காக்கின் பழைய ஹுவாலம்போங் நிலையத்தில் இருந்து கிளம்புவதில்லை. 2023 ஜனவரியில் தொலைதூர ரயில்களை பாங்சூவில் உள்ள புதிய நிலையத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

சுற்றுலாப் போலீஸ் எண் 1155, ஆங்கிலத்தில் பேசலாம். ஆம்புலன்ஸ் 1669. பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் போலீசில் புகார், பிறகு அந்த நகலோடு பாங்காக் சுகும்வித் சாலை 23-ஆம் சந்தில் உள்ள நம் தூதரகம். பணத்தை இரண்டு இடமாகப் பிரித்து வையுங்கள். அம்மா என் சுடிதார் பேண்ட்டில் ஜிப் வைத்து ஓர் உள்பை தைத்துக் கொடுத்தார், கார்டு ஒன்று எப்போதும் அதில்தான்.

மனசு சோர்ந்தால் பாங்காக்கில் சீலோம் சாலை மாரியம்மன் கோயிலுக்குப் போய்வாருங்கள். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது. தாய்லாந்துப் பெண்கள் சாமந்தி மாலையோடு வரிசையில் நிற்பார்கள். நாலு நாள் கழித்து அங்கே தமிழைக் காதால் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் வீடு. தினமும் நம் நேரம் இரவு 8 மணிக்கு, அதாவது அங்கே 9.30-க்கு, கூப்பிடுவேன் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தேன். போன் வராவிட்டால் அப்பா ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். அப்புறம் ஓட்டலுக்கு, அதன் பிறகே தூதரகத்துக்குப் போன் போட வேண்டும். இந்த வரிசையையும் எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஒருநாள் ரயிலில் சிக்னல் இல்லாமல் நாற்பது நிமிடம் தாமதமானது. அப்பா தாளைக் கையில் வைத்துக்கொண்டு, யாரையும் கூப்பிடாமல் கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருந்தாராம்.